வில்லாளர் குறிபார்த்த விதம்

காவிரியின் கடைமடையில் நெல்வயல் சூழ அமைந்த கீழ்வேளூர், போர்ப்படைகளின் பாதையில் இருந்த ஊராகும். 1758ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சையை நோக்கி வந்தபோது இவ்வூர்க் கோயிலைக் கொள்ளையிட்டான். ஒற்றரென ஐயுற்று அந்தணர் அறுவரைப் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடித்தான். வெடிமருந்தின் காலம் அது. அதற்கு ஏழரை நூற்றாண்டுகள் முன்னர், இதே சோழவள நாட்டில் வில்லாளர் தனிப்படையாக விளங்கினர். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ‘வில்லிகள்’ என்றே படைப்பிரிவைக் குறிக்கின்றன.

துப்பாக்கியில் குறிமுள் உண்டு. வில்லில் அஃது இல்லை. அப்படியாயின், பண்டை வில்லாளர் எங்ஙனம் குறிபார்த்தனர்?

இதற்கு விடை தரும் நூல்களுள் ஒன்று, பதினான்காம் நூற்றாண்டில் மம்லூக்கியர் ஆட்சியில் வாழ்ந்த தைபுகா என்பார் இயற்றியது. வில்வித்தையைச் செய்யுளாகப் பாடித் தாமே உரையும் வரைந்தார் அவர். அபூ ஹாஷிம், தாஹிர் அல்பல்கீ, இஸ்ஹாக் என்னும் மூன்று ஆசான்களின் வழிமுறைகள் அக்காலத்தில் போற்றப்பட்டன. இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்பதா, நேர்முகமாக நிற்பதா, இடைநிலை கொள்வதா என்பதில் வில்லாளர் வேறுபட்டனர். பார்வையிலும் வேற்றுமை உண்டு. வில்லின் வெளிப்புறமாக நோக்கினோர் சிலர். உட்புறமாக நோக்கினோர் சிலர். ஒரு கண் உள்ளும் மறுகண் வெளியுமாக நோக்கினோரும் உளர்.

கீழைநாட்டார் நாணைப் பெருவிரலால் இழுத்தனர். விரல் புண்படாதிருக்கக் கொம்பாலும் கல்லாலும் ஆன மோதிரம் அணிந்தனர். முகலாய மன்னர் பச்சைக்கல்லில் செய்து பூண்டனர். இம்முறையில் அம்பு வில்லின் வலப்புறம் அமையும். மூவிரலால் இழுக்கும் மேனாட்டு முறையில் அஃது இடப்புறம் அமையும். ஆகவே இரு சாராரின் குறிபார்வையும் ஒன்றாகாது.

பயிற்சியோ பொறுமையின் பாடம். துருக்கியில் மாணவன் முதலில் அம்பின்றி மெல்லிய வில்லை இழுத்தே பழகுவான். பின்னர் மிக அருகிலுள்ள பொதியில் எய்வான். கை ஒரே நிலையில் நிலைத்த பின்னரே தூரம் கூட்டப்படும். ஒவ்வொரு முறையும் ஒரே இடம்வரை நாணை இழுக்காதவனுக்குக் கண்ணின் கூர்மை பயன்படாது. மம்லூக்கிய வீரரோ குதிரையில் விரைந்தபடியே உயர்ந்த கம்பத்து உச்சிச் சுரைக்காயை வீழ்த்தினர்.

ஹிஜ்ரி 3இல் நிகழ்ந்த உஹதுப் போரை நாம் அறிவோம். அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் ஐம்பது வில்லாளர் குன்றில் நிறுத்தப்பட்டனர். வெற்றி கிட்டியதெனக் கருதிப் பெரும்பாலோர் இடம்விட்டு இறங்கினர். போரின் போக்கே மாறிற்று. அவர்தம் அம்பில் குறையில்லை, நின்ற நிலையிலேதான் குறை. வில்லாசான்கள் கண்ணுக்கு முன் காலை நிறுத்தக் கற்பித்ததன் பொருள் இங்கே நமக்கு விளங்குகிறது.