அடிமேல் அடி



வேகத்தையும் பொறுமையையும் பற்றி நம் முன்னோர் வழங்கிய பழமொழிகள் பல. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது ஒன்று. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது மற்றொன்று. முன்னது நிதானிக்கச் சொல்கிறது. பின்னது விரையச் சொல்கிறது. இவை ஒன்றுக்கொன்று முரணாகாவோ என்று மாணவர் பலர் வகுப்பில் என்னை வினவியதுண்டு. இதற்குரிய விடையை வரலாற்றில் காணலாம். சென்னையில் தொடங்கி இமயத்தை எட்டிய நில அளவைப் பணியே நான் இங்கு எடுத்துக்கொள்ளும் சான்று.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 10ஆம் நாள், பரங்கிமலையை அடுத்த சமவெளியில் வில்லியம் லாம்ப்டன் என்னும் படை அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். நடந்தால் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். அதனை அளந்து முடிக்க அவருக்கு 57 நாட்கள் ஆயின! நாளொன்றுக்குச் சராசரி 700 அடிதான். ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்போமே, அங்கே நகர்ந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும், குளிரில் சுருங்கும். ஆதலால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி கொண்டு வெப்பத்தைக் குறித்து, அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக்கொண்டே சென்றார்.

இத்துணை நிதானம் எதற்கு? ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். இதனை நீங்கள் பள்ளியிலேயே கற்றிருப்பீர்கள். கணக்கிட்ட பக்கத்தின்மீது அடுத்த முக்கோணம், அதன்மீது மற்றொன்று என நாடு முழுவதும் அளவை விரியும். முதற்கோட்டில் நேரும் சிறு பிழை, முக்கோணந்தோறும் தொடர்ந்து செல்லும். அதனால் இடையிடையே புதிய கோடுகளை நிலத்தில் அளந்து, கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். 1804இல் பெங்களூரை அடுத்து அவ்வாறு ஒப்பிட்டபோது, வேறுபாடு சில அங்குலங்களே இருந்தது.

இடையூறும் நேராமல் இல்லை. கோணங்களை அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதனை மேலே ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி மோதி, அதன் வட்டம் நெளிந்துவிட்டது. லாம்ப்டன் கூடாரத்திற்குள் அமர்ந்து, ஆறு வாரம் உழைத்து, அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார். அதன் பின்னரே மீண்டும் அளக்கப் புறப்பட்டார்.

இனி, மற்றப் பழமொழிக்கு வருவோம். புழுதியும் மூட்டமும் நிறைந்த காலத்தில் தொலைவிலுள்ள அடையாளம் கண்ணுக்குப் புலப்படாது. மழை பெய்து வானம் கழுவிவிட்டாற்போல் தெளியும் வேளையே அளப்பதற்கு ஏற்ற வேளை. அதனை நழுவவிட்டால் மீண்டும் காத்திருக்க வேண்டும். அங்கே ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பதே பொருந்தும். கருவியைச் செப்பமாக வைத்திருந்தவரே அவ்வேளையில் விரைய முடிந்தது. நிதானமும் விரைவும் ஒரே வேலையின் இரு பருவங்கள் என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

1823இல் லாம்ப்டன் பயணத்தினிடையே காலமானார். பணியை ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். அவருக்குப்பின் ஆண்ட்ரூ வா பொறுப்பேற்றார். இமயத்தின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணக்கிடுவதில் வங்கத்துக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் பெரும்பங்கு ஆற்றினார். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவித்தனர். 2020இல் நவீனக் கருவிகளால் கண்ட உயரம் 8,848.86 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. வேறுபாடு 30 அடி அளவே.

‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்றும் ஒரு பழமொழி உண்டு. இவ்வரலாற்றில் அதனை எண்ணும்போது என் மனம் சற்றே தயங்குகிறது. மழைக்காடுகளில் அக்கருவியைச் சுமந்தோரும், குன்றின்மேல் கொடி பிடித்து நின்றோரும், காய்ச்சலில் மாண்டோரும் நம் நாட்டு எளிய மக்கள். பொறுத்தவர் அவர்கள்; பூமியை ஆண்டது கும்பினி. சிகரத்திற்கு எவரெஸ்ட் பெயர் வாய்த்தது. சுமந்தவருள் பெரும்பாலோரின் பெயர்களைக்கூட நாம் அறியோம். எளியோரை வாய்மூடி இருக்கச் செய்வதற்கும் இப்பழமொழியைச் சொல்வோர் உண்டு என்பதை இளைஞர் மறத்தலாகாது.

ஆதலின், பொறுமை என்று எவரேனும் உங்களுக்கு அறிவுரை கூறினால், அது எதன் பொருட்டு என்று கேளுங்கள். அநீதியைச் சகித்திருக்கச் சொல்வதாயின், ஏற்க வேண்டியதில்லை. எடுத்த பணியில் பிழையை அடுத்த படிக்குக் கடத்தாமல், அங்கேயே நின்று திருத்தச் சொல்வதாயின், அதனை ஏற்றுக்கொள்ளுங்கள். பரங்கிமலைச் சமவெளியில் நாளொன்றுக்கு 700 அடியாக நகர்ந்த சங்கிலி 54 ஆண்டுகளில் உலகின் உச்சியை அளந்து காட்டியது. கற்கும் பருவத்தில் உங்களுக்கு வேண்டிய வேகமும் அதுவே.