தமிழ் தெரியாத தமிழ்ப்பட இயக்குநர்

எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த படம் 'சதி லீலாவதி' (1936) என்பது பலருக்கும் தெரியும். அதை இயக்கியவர் ஓர் அமெரிக்கர் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். அவர் பெயர் எல்லிஸ் ஆர். டங்கன். 1909-ல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தபோது உடன் படித்த மாணிக்லால் டாண்டன் அழைக்க, 1935-ல் இந்தியா வந்தார். டாண்டன் அப்போது 'பக்த நந்தனார்' வேலையில் இருந்ததால், தனக்கு வந்த 'சதி லீலாவதி' வாய்ப்பை நண்பருக்குக் கைமாற்றி விட்டார். சில மாதங்கள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், 15 வருடங்கள் தங்கி விட்டார்!

இத்தனைக்கும் அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை அருகில் வைத்துக் கொண்டுதான் படமெடுத்தார். அன்றைய தமிழ்ப்படம் என்பது பெரும்பாலும் நாடகத்தைக் கேமராவின் முன் நடத்திக் காட்டுவதுதான். வசனம் புரியாததால் டங்கன் நடிகரின் முகத்தையும் காட்சியையும் கவனித்தார். அவர் படங்களில் கேமரா நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'அம்பிகாபதி' (1937) இதற்கு நல்ல உதாரணம். பாகவதர் கதாநாயகன். காதல் காட்சிகளுக்கு 'ரோமியோ ஜூலியட்'டைப் பார்க்கச் சொல்லி இளங்கோவனிடம் வசனம் எழுதி வாங்கினார். பெரிய வெற்றி.

எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' (1945) படத்துக்கு எடுத்துக் கொண்ட சிரத்தை இன்னும் சுவாரசியம். எம்.எஸ்.ஸின் முகத்தை மார்பளவுச் சிலையாகச் செய்து, ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியோடு சேர்ந்து அதன் மேல் பல கோணங்களில் விளக்கு போட்டு சோதித்துப் பார்த்தார். 1947-ல் 'மீரா' இந்தியிலும் வந்தது.

கடைசிப் படங்கள் கல்வராயன் மலைக்கு மேற்கே, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக எடுத்தவை. பாரதிதாசன் காவியத்தைத் தழுவிய 'பொன்முடி' (1950) காதல் காட்சிகள் எல்லை மீறியதாகப் பத்திரிகைகளில் திட்டு வாங்கியது. (இன்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.) கருணாநிதி வசனம் எழுதி எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' (1950) முடியும் முன்பே டங்கன் அமெரிக்கா கிளம்பிவிட, மீதியை டி.ஆர்.சுந்தரம் முடித்தார்.

ஊர் திரும்பியவர் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் ஆவணப்படங்கள் எடுத்துக் கொண்டிருந்தார். ஹாலிவுட் பயிற்சி பெற்றவர் பெயர் அமெரிக்க சினிமா வரலாற்றில் அதிகம் இல்லை. 2001 டிசம்பரில் அங்கேயே காலமானார்.