ஓம் முதல் வாட் வரை

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். 110 வோல்ட்டில் அரை ஆம்பியர் ஓடும் விளக்கின் மின்தடை 220 ஓம். திறன் 55 வாட். இன்று ஒரே வரியில் முடியும் இந்தக் கணக்கு முழு வடிவம் பெற அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம், 1825இல் வோல்ட்டா மின்கலத்தை வைத்துச் சோதனைகளைத் தொடங்கினார். சோதனை நடக்கும்போதே கலத்தின் வலிமை குறைந்துகொண்டு வந்ததால், அவர் முதலில் வெளியிட்ட சூத்திரம் பிழையாக அமைந்தது. இயற்பியலாளர் பொகெண்டார்ஃப் சொன்ன யோசனையின்படி, சீபெக் 1821இல் கண்டறிந்த வெப்பமின் விளைவுக்கு அவர் மாறினார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரு வெப்பநிலைகளும் மாறாதவை. ஆகவே அவற்றின் வேறுபாட்டால் எழும் மின்னழுத்தமும் நிலையாக நின்றது. வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளைச் சுற்றில் மாற்றி மாற்றி இணைத்து, முறுக்கிழையில் தொங்கிய காந்த ஊசியைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதமே மின்தடை என்ற விதி இவ்வாறு 1826இல் தெளிவாயிற்று. அடுத்த ஆண்டு அதை அவர் நூலாக வெளியிட்டார். ஜெர்மனியில் அதற்கு உரிய கவனம் உடனே கிடைக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

திறனுக்கான வழியை மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல் காட்டினார். மதுவடிசாலைக் குடும்பத்தில் பிறந்த அவர், கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி, மின்னோட்டம் பாயும்போது நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். குறித்த நேரத்தில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியையும் மின்தடையையும் பெருக்கிய அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதை 1840–41இல் அறிவித்தார். இதோடு ஓமின் விதியைச் சேர்த்தால், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய தொகையே திறன் என்றாகிறது.

விதிகள் இருந்தும் பொது அலகுகள் இல்லை. தந்தித் துறையே அந்தத் தேவையை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஒரு மைல் கம்பியின் தடை தெரிந்தால், கடலடிக் கம்பி எங்கே பழுதானது என்பதைக் கரையிலிருந்தே கணக்கிடலாம். ஆனால் அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது. வெர்னர் சீமன்ஸ் 1860இல் ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள பாதரசத் தம்பத்தை அலகாக முன்வைத்தார். 1861இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. வில்லியம் தாம்சனும் பின்னர் மாக்ஸ்வெல்லும் அதில் பணியாற்றினர். 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை ஏற்றது. வாட் என்ற பெயரை வில்லியம் சீமன்ஸ் 1882இல் முன்மொழிந்தார். 1889இல் பன்னாட்டு மாநாடு அதை ஏற்றுக்கொண்டது.

இதே காலத்தில் கணக்கு வணிகத்துக்கும் வந்தது. குறைந்த தடையுள்ள விளக்குகள் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். அதைச் சுமக்கத் தடித்த செம்புக் கம்பி வேண்டும். மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் இழப்பு கால்பங்காகும். எனவே எடிசன் உயர்தடை இழை விளக்கை நாடினார். 1882இல் நியூயார்க்கில் அவருடைய பேர்ல் தெரு மின்நிலையம் சுமார் 110 வோல்ட் நேர்மின்னோட்டத்தை வழங்கத் தொடங்கியது. பின்னர் மாறுமின்னோட்டம் பரவியபோது கணக்கில் ஒரு திருத்தம் சேர்ந்தது: சுருள், மோட்டார் போன்ற சாதனங்களில் உண்மைத் திறனை அறிய, மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றின் பெருக்குத்தொகையைத் திறன் காரணி என்ற விகிதத்தாலும் பெருக்க வேண்டும்.