சட்பரி காற்று மாசடைதல்

சட்பரி காற்று மாசடைதல் என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள சட்பரி நகரைச் சூழ்ந்த நிலப்பரப்பில் நிக்கல், செம்பு உருக்காலைகள் வெளிவிட்ட கந்தக டை ஆக்சைடு வளிமத்தாலும் உலோகத் துகள்களாலும் ஏற்பட்ட சூழல் அழிவைக் குறிக்கும். சட்பரி, டொரண்டோவிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. வடக்கே அமைந்துள்ளது. 1960களில் இப்பகுதி ஆலைகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் டன் கந்தக டை ஆக்சைடை வெளியிட்டன. உலகில் ஒரே இடத்திலிருந்து வெளியான இவ்வளிமத்தின் மிகப் பெரிய அளவுகளுள் இது ஒன்று. ஏறத்தாழ 20,000 எக்டேர் நிலம் முற்றிலும் மரமற்ற கரும்பாறையாகவும், மேலும் 80,000 எக்டேர் அரைப் பொட்டலாகவும் மாறின. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் அமிலத்தன்மை அடைந்தன.

காற்று மாசடைதல் பற்றிய பாடநூல்களில் சட்பரி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு காட்டைக் காற்று எவ்வாறு அழிக்கும் என்பதோடு, அழிந்தது எந்த அளவுக்குத் திரும்பக்கூடும் என்பதையும் இங்கு ஒருசேரக் காணலாம்.

காரணங்கள்

சட்பரியின் தாதுவளம் ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு விண்கல் மோதலின் விளைவாகும். 1883இல் கனடிய பசிபிக் தொடர்வண்டிப் பாதையை அமைத்தபோது இத்தாது கண்டறியப்பட்டது. நிக்கலும் செம்பும் இங்கு இரும்போடும் கந்தகத்தோடும் சேர்ந்த சல்பைடுத் தாதுக்களாகக் கிடைக்கின்றன. ஆகவே உலோகத்தைப் பிரிக்கும் முன் கந்தகத்தை நீக்குதல் இன்றியமையாதது. கந்தகத்தை எரித்தால் அது கந்தக டை ஆக்சைடாகிக் காற்றில் கலக்கும். இன்றைய சிக்கலின் வேர் முழுவதும் இந்த எளிய வேதிவினையில்தான் உள்ளது.

1888 முதல் 1929 வரை திறந்தவெளி வறுத்தல் என்னும் முறை கையாளப்பட்டது. வெட்டிய மரங்களைத் தரையில் அடுக்கி, அதன்மேல் தாதுவைக் குவித்துத் தீயிடுவர். விறகு எரிந்து முடிந்த பின்னும் தாதுவில் உள்ள கந்தகமே எரிபொருளாகி, குவியல் மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். புகைபோக்கி எதுவும் இல்லாமையால் வளிமம் தரையோடு தவழ்ந்து சென்றது. விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சியவற்றைப் புகை கொன்றது. காய்ந்த மரங்களைக் காட்டுத்தீ உண்டது. வேர்ப்பிடிப்பு இழந்த மலைச்சரிவுகளின் மண்ணை மழை அடித்துச் சென்றது. சட்பரியின் பாறைகள் வெறுமையானதற்குப் புகையை மட்டும் காரணம் காட்டுவது சரியன்று. இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தே அதைச் செய்தன. வெளிறிய நிறமுடைய பாறைகளும் உலோகத் துகள் படிந்த மேற்பூச்சினால் கறுத்துப்போயின.

சந்திரனின் தரையைப் போல் இருந்ததால்தான் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் பயிற்சிக்காகச் சட்பரி வந்தனர் என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. 1971, 1972 ஆண்டுகளில் அவர்கள் வந்தது உண்மையே. ஆனால் அவர்கள் காண வந்தது விண்கல் மோதலால் உருவான பாறை அமைப்புகளை. பொட்டல் நிலத்தை அன்று.

உழவர்களும் சட்டமும்

தங்கள் பயிர் கருகியதற்கு ஈடு கேட்டு உழவர்கள் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். 1917இல் வழங்கப்பட்ட தீர்ப்பில் சிறு அளவு இழப்பீடு தரப்பட்டதேயன்றி, புகையைத் தடுக்க ஆணை பிறப்பிக்கப்படவில்லை. சுரங்கம் நின்றால் அதை நம்பிய ஊரே இருக்காது என்பது அதன் அடிப்படைக் கருத்து. 1921இல் ஒன்ராறியோ அரசு தனிச் சட்டம் ஒன்றை இயற்றி, இத்தகைய முறையீடுகளை நீதிமன்றங்களிலிருந்து அகற்றி ஒரு நடுவரிடம் ஒப்படைத்தது. அதன்பின் நடுவர் மதிப்பிட்ட தொகையைப் பெறலாமே தவிர, ஆலையை எதிர்த்து வழக்காட இயலாது. அரசு விற்ற நிலங்கள் சிலவற்றின் பத்திரங்களிலேயே, புகைச் சேதத்துக்கு ஈடு கோருவதில்லை என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. சட்டத்தின் கண்ணில் புகை என்பது விலை கொடுத்துத் தீர்க்கப்படும் பொருளாகவே நீண்ட காலம் இருந்தது.

ஏரிகள் மீதான விளைவு

காற்றில் கலந்த கந்தக டை ஆக்சைடு நீராவியோடும் ஆக்சிசனோடும் வினைபுரிந்து கந்தக அமிலமாகி மழையோடும் பனியோடும் இறங்குகிறது. தூய மழைநீரே சிறிது அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.6. இம்மதிப்பு ஓர் அலகு குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியதாகப் பொருள்.

எல்லா ஏரிகளும் ஒரே வகையில் பாதிக்கப்படவில்லை. சுண்ணாம்புக்கல் நிறைந்த தரை அமிலத்தைச் சமன்செய்துவிடும். சட்பரிக்குத் தென்மேற்கே உள்ள கில்லார்ணி மலைகள் வெண்ணிறக் குவார்ட்சுப் பாறையால் ஆனவை. அவற்றில் அமிலத்தைச் சமன்செய்யும் பொருள் அரிது.

டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிவியலாளர் அரோல்டு ஆர்வி 1966இல் அங்குள்ள லம்சுடன் ஏரியில் 4,000 இளஞ்சிவப்புச் சால்மன் குஞ்சுகளை விட்டார். அடுத்த ஆண்டு அவற்றுள் ஒன்றும் அகப்படவில்லை. அவரும் அவருடைய மாணவர் ரிச்சர்டு பீமிசும் காரணத்தைத் தேடியபோது, ஏரிகளின் நீரே அமிலமாகியிருந்ததையும், மீன்கள் முட்டையிடத் தவறுவதையும் கண்டனர். அவர்களது ஆய்வுக் கட்டுரை 1972இல் வெளியானது. வட அமெரிக்காவில் அமில மழையின் பாதிப்பை உணர்த்திய தொடக்க ஆய்வுகளுள் அது ஒன்றாகும்.

அமிலம் மீனைக் கொல்லும் வழி நேரானது மட்டுமன்று. அது மண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியத்தைக் கரைத்து நீரில் சேர்க்கிறது. அலுமினியம் மீனின் செவுள்களில் படிந்து மூச்சையும் உடலின் உப்புச் சமநிலையையும் கெடுக்கிறது. நகருக்கு அண்மையில் இருந்த ஏரிகளில் செம்பு, நிக்கல் நஞ்சும் இதனோடு சேர்ந்தது. அமிலமேறிய ஏரிகள் பளிங்குபோல் தெளிந்து காணப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. அழகுக்காகப் பயணிகள் புகழ்ந்த நீலநிறம் பல இடங்களில் உயிர் குன்றியதன் அடையாளமாகும்.

அரோரா டிரவுட் என்னும் மீனினம் இப்பகுதியின் வடக்கே இரண்டு ஏரிகளில் மட்டுமே இயற்கையாக வாழ்ந்தது. 1960களில் அவ்விரண்டிலும் அது அழிந்தது. 1950களில் பிடித்துச் சென்று மீன்பண்ணையில் பெருக்கப்பட்ட சில மீன்களாலேயே இனம் தப்பியது. ஏரியில் சுண்ணாம்பு இட்டபின் 1990இல் அவற்றின் வழிவந்த மீன்கள் பழைய நீருக்குத் திரும்பின.

பெரும்புகைபோக்கி

1972இல் இன்கோ நிறுவனம் 381 மீ. உயரமுள்ள புகைபோக்கியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அப்போது உலகில் இதுவே மிக உயர்ந்த புகைபோக்கி. 1970 ஆகத்து 20இல் கட்டுமானத்தின்போது கடும் புயல் தாக்கியும், உச்சியில் வேலை செய்துகொண்டிருந்தோர் உயிர் தப்பினர். நகரக் காற்று விரைவில் தெளிந்தது. வளிமமோ மேலே சென்று, நெடுந்தொலைவு பயணம் செய்து, யாருடைய ஏரியிலோ இறங்கியது. உயரம் மாசைக் குறைப்பதில்லை, பரப்புகிறது.

கில்லார்ணி ஏரிகளை இப்புகைபோக்கிதான் கெடுத்தது என்று சில இடங்களில் எழுதப்படுவது பொருந்தாது. மேலே கண்டவாறு 1966இலேயே அவை கெட்டிருந்தன. நகரின் துயரைத் தணித்த அளவுக்கு அது வெளியேற்றத்தைத் தணிக்கவில்லை என்பதே அதன்மீதான நியாயமான குறை.

உண்மையான குறைப்பு தாதுவைக் கையாளும் முறையில் வந்தது. கந்தகம் மிகுந்த பைரோடைட்டுக் கனிமம் உருக்கும் முன்பே பிரித்து ஒதுக்கப்பட்டது. உலையின் வளிமம் பிடிக்கப்பட்டுக் கந்தக அமிலமாக விற்கப்பட்டது. ஒன்ராறியோ அரசு 1985இல் விதித்த வரம்பு, 1994க்குள் இன்கோவின் ஆண்டு வெளியேற்றம் 2,65,000 டன்னுக்கு மிகாதிருக்க வேண்டும் என்றது. 2006இல் இன்கோவை வாங்கிய வாலே நிறுவனம் 2018இல் மற்றொரு பெருந்திட்டத்தை முடித்தபோது எஞ்சியதும் பெருமளவு குறைந்தது. வெளியேற்ற வளிமம் மிகக் குறைந்துவிட்டதால் அவ்வளவு உயரமும் தேவையற்றதாயிற்று. 2020இல் பெரும்புகைபோக்கி பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டு, 137 மீ. உயரமுள்ள இரு புகைபோக்கிகள் அதன் வேலையை ஏற்றன.

நிலத்தின் மீட்பு

காற்று தெளிந்தவுடன் மண் தானாகத் தேறவில்லை. அதில் ஏறியிருந்த அமிலமும் உலோகமும் விதைகளை முளைக்கவிடவில்லை. லாரன்சியப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கீத் விண்டர்கால்டர் உள்ளிட்டோர் நடத்திய சோதனைகள், அரைத்த சுண்ணாம்புக்கல்லைத் தூவினால் உலோகங்களின் நச்சுத்தன்மை குறைந்து செடி வேரூன்றும் என்று காட்டின. 1978இல் நகராட்சி இப்பணியைத் தொடங்கியது. இன்கோவில் ஆட்குறைப்பு நடந்த காலம் அது. கோடைக்கால வேலை கிடைக்காத மாணவர்கள் சுண்ணாம்பு மூட்டைகளைத் தோளில் சுமந்து பாறைச்சரிவுகளில் கையால் தூவினர். எக்டேருக்குப் பத்து டன் அளவில் சுண்ணாம்பு, பின் உரம், புல் மற்றும் பயறின விதைகள், அதன்பின் ஊசியிலை மரக்கன்றுகள் என்பது வரிசை. 2022இல் ஒரு கோடியாவது மரம் நடப்பட்டது. 1992இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் நகருக்குக் கிடைத்தது.

பல ஏரிகளின் அமிலத்தன்மை குறைந்து வருகிறது. ஆயினும் மறைந்த மீன்கள் தொடர்பற்ற ஏரிகளுக்குத் தாமாக வந்து சேர்வதில்லை. உருக்காலைகளுக்கு அருகிலுள்ள மண்ணில் செம்பும் நிக்கலும் இன்றும் மிகுதி. அடித்துச் செல்லப்பட்ட மேல்மண் பாறைகளுக்குத் திரும்பவில்லை. அரைப் பொட்டல் நிலங்களில் பிர்ச்சு மரங்களோடு அவுரிநெல்லி அடர்ந்து வளர்கிறது. அது அமில மண்ணை விரும்பும் செடி. சட்பரி மக்கள் கோடையில் அதன் பழம் பறிக்கச் செல்வது வழக்கம்.