ஓசோனைக் காத்த நீதி

ஒரு சமூகம் தன் பழக்கத்தை எப்போது மாற்றிக்கொள்கிறது? பன்னாட்டுச் சுற்றுச்சூழல் அரசியலை ஆராய்வோர் இக்கேள்வியை எழுப்பும்போதெல்லாம் ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் நெறிமுறைக்கே திரும்பி வருகின்றனர்.

குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோனை அழிக்கும் என வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினர். அண்டார்டிக்க வானில் ஓசோன் கடுமையாக மெலிந்திருப்பதை 1985இல் அறிவியலாளர் ஃபார்மனின் குழுவினர் அறிவித்தனர். அந்த வாயுக்களைக் குறைப்பதற்கான நெறிமுறை 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தாயிற்று.

நாடுகள் இதற்கு உடன்பட்டது ஏன் என்பதற்கு அரசியல் அறிஞர் பீட்டர் ஹாஸ் தந்த விளக்கம் புகழ்பெற்றது. நாட்டு எல்லைகளைக் கடந்து ஒரே அறிவும் ஒரே நோக்கமும் கொண்டு இயங்கிய வல்லுநர் குழுவே அரசுகளை அசைத்தது என்றார் அவர். மற்றோர் அரசியல் அறிஞரான கேரன் லிட்ஃபின் 1994இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். அறிவியல் தானே பேசுவதில்லை, அதை யார், எந்தச் சொல்லாடலுக்குள் வைத்துப் பேசுகிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். அண்டார்டிக்க மெலிவுக்குக் காரணம் அவ்வாயுக்களிலிருந்து வரும் குளோரின்தான் என்பது ஐயமற நிறுவப்படும் முன்பே நாடுகள் கையெழுத்திட்டதை நோக்க, லிட்ஃபினின் பக்கமே வலுவானது. வணிக நலனை முன்னிறுத்துவோர் அவ்வாயுக்களைத் தயாரித்த டூபாண்ட் நிறுவனத்தைக் காட்டுவர். ஆனால் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அது அறிவித்தது நெறிமுறைக்குப் பின், 1988இல்தான்.

இம்மூன்று விளக்கங்களும் வட நாடுகளை நோக்கியே நிற்கின்றன. இந்தியாவும் சீனாவும் அப்போது நெறிமுறைக்கு வெளியே இருந்தன. கோடிக்கணக்கான வீடுகளுக்குக் குளிர்பதனப் பெட்டி இனிமேல்தான் வரவேண்டியிருந்தது. அவ்விரு நாடுகளும் பழைய வாயுக்களையே நம்பியிருந்தால் மற்றவர் செய்த குறைப்பு வீணாகியிருக்கும். ஓசோனைக் கெடுத்தவர்கள் நாங்கள் அல்லர், மாற்றுத் தொழில்நுட்பத்தின் விலையை நாங்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்பதே தென் நாடுகளின் கேள்வி. 1990இல் நெறிமுறை நாடுகளின் லண்டன் கூட்டத்தில் இந்தியாவின் சார்பில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை உரக்க எழுப்பினார். விளைவாக, அந்த விலையை ஈடுசெய்ய உதவும் பலதரப்பு நிதியம் பிறந்தது. முதல் மூன்றாண்டுகளுக்கு 16 கோடி டாலர். இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் மேலும் 8 கோடி. 1991இல் சீனாவும் 1992இல் இந்தியாவும் இணைந்தன. உலகின் எல்லா நாடுகளும் ஏற்ற உடன்படிக்கையாக இந்நெறிமுறை வளர்ந்ததற்கு அந்தத் தொகையைவிட, அதனுள் இருந்த ஒப்புதலே பெரிய காரணம் என்பேன்: கெடுத்தவர் கொடுக்க வேண்டும் என்ற ஒப்புதல்.

காலநிலைப் பேச்சுகள் ஓசோன் உடன்படிக்கையின் சட்ட வடிவத்தைக் கடன் வாங்கின, இந்த ஒப்புதலை வாங்கவில்லை. 2020க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009இல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகள் வாக்களித்தன. அவர்கள் கணக்கின்படியே அது நிறைவேறியது 2022இல். எரிபொருளில் ஊறிய பொருளாதாரம் சில வாயுக்களைவிடப் பன்மடங்கு பெரிய சிக்கல்தான். ஆனாலும் நம்பிக்கை முறிந்த இடம் இதுவே.

சமூக மாற்றக் கோட்பாடுகளைப் பயிலும் நம் மாணவர்கள் மான்ட்ரியலோடு நின்றுவிடாமல் லண்டன் கூட்டத்தையும் ஆழ்ந்து கற்க வேண்டும். அந்த வரலாற்றைத் தென் நாடுகளின் பக்கமிருந்து, தமிழில், விரிவாக எழுத அவர்கள் முன்வர வேண்டும்.