நிரலாளர் கணினியில் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளும் தீச்சுவரும்

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் என்பது கணினியிலுள்ள தீங்கான நிரல்களைக் கண்டறிந்து நீக்கும் மென்பொருளாகும். தீச்சுவர் வலையமைப்பு இணைப்புகளை வடிகட்டும். சென்னையின் கே7 கம்ப்யூட்டிங், பூனேயின் குயிக் ஹீல் ஆகியவை இவற்றை உருவாக்கும் இந்திய நிறுவனங்களாகும். விண்டோசு எக்சுபி சேவைப் பொதி 2 (2004) முதல் தீச்சுவர் தானாகவே செயற்படுகின்றது. விண்டோசு 8 (2012) முதல் நச்சுநிரல் எதிர்ப்பும் இயங்குதளத்துடன் வருகின்றது.

தெரிவு செய்தல்

தொகுப்பியானது ஏராளமான கோப்புகளை உருவாக்குவதால் உடனுக்குடனான சோதனை வேகத்தைக் குறைக்கும். புதிதாகத் தொகுத்த நிரலை நச்சுநிரல் எனத் தவறாகக் கருதி நீக்குவதும் உண்டு. எனவே குறிப்பிட்ட கோப்புறைகளை மட்டும் விலக்கும் வசதியுள்ள மென்பொருளைத் தெரிவு செய்தல் நன்று. இரண்டு எதிர்ப்பு மென்பொருட்களை ஒருங்கே இயக்கினால் அவை ஒன்றுடன் ஒன்று முரண்படக்கூடும்.

தீச்சுவர்

சோதனை வழங்கி 127.0.0.1 முகவரியில் மட்டும் இயங்கினால் பிற கணினிகள் அதனை நேரடியாக அணுகவியலாது. 0.0.0.0 எனில் எல்லா இடைமுகங்களிலும் இணைப்பை ஏற்கும். அப்போது தீச்சுவரே காவலாகும்.

விலக்கலின் ஆபத்து

2009 இல் கண்டறியப்பட்ட இன்டக் நச்சுநிரல் டெல்ஃபி தொகுப்பியின் நூலகக் கோப்பொன்றை மாற்றியது. அதன்பின் அக்கணினியில் தொகுக்கப்பட்ட நிரல்கள், நிரலாளர் அறியாமலே நச்சுநிரலைச் சுமந்து சென்றன. ஆகவே தொகுப்பி நிறுவப்பட்ட கோப்புறையை விலக்கலாகாது. வெளியீட்டுக் கோப்புறையை விலக்கினாலும், நிரலைப் பிறருக்கு வழங்குமுன் சோதித்தல் வேண்டும்.