மெயில்மேன் நிறுவல் கோளாறுகள்

மெயில்மேன் என்பது குழு அஞ்சல்களை நடத்தும் கட்டற்ற மென்பொருள்; குனூ திட்டத்தைச் சேர்ந்தது; பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்டது. இதன் 2.1 வரிசையை நிறுவியவர்கள் அதிகம் திணறியது ‘குழு பொருந்தவில்லை’ என்ற பிழையில்தான். வரும் மடலை மெயில் சர்வர் ஒரு சிறு சி நிரலிடம் ஒப்படைக்கிறது. தன்னை இயக்க வேண்டிய கணினிப் பயனர் குழு எது என்பது அந்த நிரலுக்குள் தொகுக்கும்போதே பதிந்துவிடும். ‘மெயில்மேன்’ குழுவை எதிர்பார்க்கும் நிரலை ‘நோபடி’ குழு இயக்கினால், அது மடலை ஏற்காமல் திருப்பிவிடும். இந்தக் கண்டிப்பு பாதுகாப்புக்கானது. அதைத் தளர்த்த முயலக் கூடாது. சரியான குழுவைக் குறிப்பிட்டு மறுபடி தொகுப்பதே முறை. போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரில் இன்னொரு நுணுக்கம் உண்டு: நிரலை அழைக்கும் மாற்றுப்பெயர்க் கோப்பு யாருடையதோ அவர் பெயரிலேயே நிரல் ஓடும், ரூட்டின் கோப்பாக இருந்தால் ‘நோபடி’ பெயரில் ஓடும். ஆகவே அக்கோப்பின் உரிமையை முதலில் பார்ப்பது நல்லது.

பிழை எதுவும் காட்டாமல் மடல்கள் வரிசையிலேயே தேங்கினால், மெயில்மேனின் பின்னணிச் சேவை ஓடவில்லை என்றே பெரும்பாலும் பொருள். கோப்பு அனுமதிகளைச் சோதித்துத் திருத்த ‘செக்_பெர்ம்ஸ்’ கருவி உடன் வருகிறது.

2015இல் வந்த 3ஆம் பதிப்பில் மடல் எல்எம்டிபி நெறிமுறை வழியே, இயல்பாக 8024ஆம் போர்ட்டில், மையச் சேவையை அடைகிறது. பழைய குழுச் சிக்கல் இங்கே எழாது. ஆனால் மையம், நிர்வாகப் பக்கமான போஸ்டோரியஸ், காப்பகமான ஹைப்பர்கிட்டி மூன்றையும் தனித்தனியே இணைக்க வேண்டும். காப்பகம் காலியாகவே இருந்தால், மையமும் ஹைப்பர்கிட்டியும் பகிரும் ரகசியச் சாவி இரு பக்கமும் ஒன்றாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.